மருந்து பார்த்த மண்

போன புதன்கிழமை சாயங்காலம் கயல் கூப்பிட்டாள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கயல் என் மகள். நெதர்லாந்தில் ஆராய்ச்சி செய்கிறாள். போய் நாலு வருஷமாகிறது. அவள் கூப்பிட மாட்டாள், நான்தான் கூப்பிடுவேன். ஞாயிறு மாலை ஐந்து மணி, அங்கே காலை நேரம். புதன்கிழமை அழைப்பு என்றால்... ஆபீஸ் பேன்ட்ரியில் காப்பியை அப்படியே வைத்துவிட்டு போனை எடுத்தேன்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. கறிவேப்பிலைத் தொட்டியில என்ன ஊத்துனீங்க?"

அவளுக்கு ஒன்றுமில்லை. மாட்டிக்கொண்டது நான்தான்.

சிங்கப்பூர் சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில், காரிடாரில், ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. கயல் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது வைத்தது. விமான நிலையத்தில் அவள் கடைசியாகச் சொன்னது, "அப்பா, செடியைப் பாத்துக்கோங்க." அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

அவள் போன மூன்றாம் மாசம் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. பூஞ்சை. வேப்பெண்ணெய் தெளித்தேன். சாமி கும்பிட்டேன். இலை கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு செடிக் கடையில் பூஞ்சைக்கொல்லிப் பொடி வாங்கினேன். வாரம் ஒரு ஸ்பூன், தண்ணீரில் கரைத்து வேருக்கு. செடி நிமிர்ந்தது. கயலிடம் மட்டும், "சுத்த ஆர்கானிக்ம்மா" என்று சொல்லிவிட்டேன்.

விஷம் ஊற்றிய செடியின் இலையை ரசத்தில் போட முடியுமா? சமையலுக்குத் தேக்கா சந்தையிலிருந்து வாங்கி வந்தேன்.

"வாசல்ல செடியை வச்சுக்கிட்டு ஏங்க தேக்காவுக்கு ஓடுறீங்க?" என்பாள் மனைவி.

"பிஞ்சுச் செடி, பாவம்" என்பேன். அந்தப் பிஞ்சு என் தோள் உயரம்.

போன டிசம்பரில் கயல் பத்து நாள் லீவில் வந்தாள். கிளம்பும் அன்று, கையுறை மாட்டிக்கொண்டு தொட்டி மண்ணைச் சுரண்டி ஒரு டப்பாவில் போட்டாள். அனுமதிக் கடிதமெல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தாள். அம்மா போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயை 'வெயிட்டு அதிகம்' என்று மேசையிலேயே விட்டவள், மண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறாள்! சொந்த மண் மேல் இவ்வளவு பாசமா? நெகிழ்ந்துபோனேன்.

"மருந்து எதுவும் போடலல்ல?" என்று கேட்டாள்.

"சீச்சீ... வேப்பெண்ணெய்தான்."

நெகிழ்ந்திருக்கும் மனிதனிடம் உண்மையை எதிர்பார்க்கக் கூடாது.

அவள் ஆராய்ச்சியே அதுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. பயிருக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி மண்ணில் இறங்கியதும் என்ன ஆகிறது? அதை பாக்டீரியா எப்படித் தின்று தீர்க்கிறது? எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கீரைத் தோட்டத்திலும் மண் எடுத்திருந்தாள்; அது மருந்து பார்த்த மண். எங்கள் தொட்டி மண், மருந்தே பார்க்காத மண். இரண்டையும் தனித்தனிக் குப்பியில் போட்டு, ஒரே அளவு மருந்தை விட்டு, எது சீக்கிரம் தீர்க்கிறது என்று பார்த்திருக்கிறாள்.

"தோட்டத்து மண்ணு மெதுவாத்தான் தின்னுது. நம்ம வீட்டு மண்ணு... வச்ச வாரமே காலி! ஒப்பிட்டுப் பாக்க வச்ச கன்ட்ரோல் லா அப்பா அது! ஒண்ணும் தெரியாத மண்ணுன்னு நெனச்சு எடுத்துட்டு வந்தேன். என் மூணு மாச வேலை வேஸ்ட்டு. திரும்ப முதல்லருந்து செய்யணும்."

ஒப்புக்கொண்டேன். பொடி, ஸ்பூன், தேக்கா, எல்லாவற்றையும்.

"ஏன்ப்பா பொய் சொன்னீங்க?"

"நீ திரும்பி வர்றதுக்குள்ள பட்டுப்போயிடுமோன்னு பயமா இருந்துச்சும்மா."

 

"இப்பவும் புள்ளி வருதா?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வருது. ரெண்டு ஸ்பூனா ஏத்திட்டேன். கேக்க மாட்டேங்குது."

"கேக்காதுப்பா. பூஞ்சைக்குத்தான் அது விஷம். பாக்டீரியா சிலதுக்குச் சாப்பாடு. வாரா வாரம் அதையே போட்டா, அதைத் தின்னத் தெரிஞ்சதுங்க பெருகிடும். நீங்க ஊத்தின உடனே பிச்சுத் தின்னுடும். பூஞ்சை வரைக்கும் மருந்து போய்ச் சேராது. கொஞ்ச மாசம் நிறுத்துங்க. மண்ணு மெல்ல மறந்துடும்."

எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமை "சாப்டியா?" என்று கேட்டால், கேன்டீன் சூப்பில் ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவாள். இரண்டாம் வருஷம் கால் மணி. இப்போது அதே கேள்விக்கு ஒரு "ம்". நானும் விடாமல் டோஸை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சாப்டியா, தூங்குனியா, குளிருதா...

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடுறதும் இதே கதைதானாம்மா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அப்பா, லேப்ல கூப்பிடுறாங்க. வச்சிடுறேன்."

வைத்துவிட்டாள்.

ஆராய்ச்சியாளர் சொன்னால் கேட்க வேண்டாமா? பொடி டப்பாவைக் கட்டி எறிந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனை சோபாவில் கவிழ்த்து வைத்துவிட்டு, காரிடாருக்குப் போய்ச் செடி பக்கத்தில் நின்றேன். ஐந்து மணி அடித்தது. எதிர் பிளாக்கில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தே கால். இருக்கிற பழுப்பு இலைகளை எண்ணினேன். ஐந்தரை. திரும்பவும் எண்ணினேன், கூட இரண்டு வந்தது.

"என்னங்க, அவளைக் கூப்பிடலையா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"மண்ணு மறக்கட்டும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நல்லவேளை.

ஐந்தே முக்காலுக்கு சோபாவில் போன் அதிர்ந்தது. ஓடினேன். கயலிடமிருந்து செய்தி.

'செடிக்குத்தான் நிறுத்தச் சொன்னேன். எனக்கு இல்ல.'

உடனே கூப்பிட்டேன். முதல் கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும்.