டிக்கெட்டில் இருந்த மணி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். எண்ணூர் விரைவுச் சாலையில், திருவொற்றியூர் பக்கம் நான் வைத்திருக்கும் பஞ்சர் கடையில் நடந்தது. துறைமுகத்துக்குள் போக வரிசையில் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகள்தான் என் வாடிக்கை.

நர்ஸ் படித்த என் ஒரே மகளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. அனுப்ப எனக்கு மனசே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் தெரியவில்லை. வீட்டில்கூட நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. டிக்கெட் வந்த அன்று வாங்கிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன் என்றாலும் எண்கள் எனக்கு வரும். புறப்படுவது காலை பத்து, போய்ச் சேர்வது பன்னிரண்டு நாற்பது. கழித்துப் பார்த்தால் இரண்டு மணி நாற்பது நிமிடம். இங்கே பஸ் ஏறி தாம்பரம் போய் இறங்கவே அவ்வளவு ஆகும். தாம்பரத்தில் கட்டிக் கொடுத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றுதான் ‘சரி, போய்ட்டு வா’ என்றேன்.

அவள் புறப்பட்ட அன்று காலையில் மீனம்பாக்கத்தில் அவளை விட்டுவிட்டு, மெட்ரோவில் திரும்பிக் கடையைத் திறந்தேன். பன்னிரண்டு நாற்பது ஆயிற்று. போன் வரவில்லை. இறங்கி வெளியே வர வேண்டாமா என்று ஒரு மணி வரை பொறுத்தேன். ஒன்றரைக்கு நானே கூப்பிட்டேன். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மனைவி போன் செய்து இரண்டு தடவை கேட்டாள். வரும் வரும் என்றேன். இரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டேன், அதே பதில்தான். எதிரே கடல். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. யாரிடம் போய் என்னவென்று கேட்பது?

சக்கரம் மாற்ற வந்த லாரி டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காசிமேட்டுக்காரராம். அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“இன்னாண்ணா, டைட் பண்ண நட்டையே டைட் பண்ணிகினு கீற?”

எப்படியோ சொல்லிவிட்டேன். டிக்கெட் கணக்கையும் சொன்னேன். சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவரும் குவைத்தில் ஆறு வருடம் லாரி ஓட்டியவர்.

“டிக்கெட்ல போட்டுகீறது அந்த ஊரு மணிண்ணா. நம்ம மணிக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி ஓடும். பொண்ணு இன்னும் மேலதான் பறந்துகினு கீது. மூணேகாலுக்கு எறங்கிடும்.”

போன உயிர் திரும்பியது. அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. அப்படியென்றால் ஐந்து மணி நேரம். எங்கும் நிற்காமல் ஐந்து மணி நேரம் பறந்தால்தான் என் பிள்ளை இருக்கிற இடம் வரும். அங்கே கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சக்கரம் தயாராகியும் அவர் கிளம்பவில்லை. வரிசை நகர்ந்தது. லாரியை ஓரங்கட்டிவிட்டு இரண்டு டீ வாங்கி வந்தார். பாஸ்போர்ட் பார்ப்பார்கள், பெட்டி வர நேரமாகும், நான்கு மணியானாலும் பதறாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது.

“எறங்கிட்டேன்ப்பா. சாப்ட்டியா?”

கேட்க எவ்வளவோ இருந்தது. “அங்க மணி இன்னாம்மா?” என்று மட்டும்தான் வாயில் வந்தது.

“ஒண்ணு இருவது,” என்றாள்.

டிரைவர் என் தோளைத் தட்டிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அந்தத் தப்புக் கணக்கை இதுவரை அவளிடம் சொல்லவில்லை. சரியான கணக்கு தெரிந்திருந்தால் அன்று ‘போய்ட்டு வா’ என்று சொல்லியிருப்பேனா என்று நினைக்கும்போதெல்லாம், தெரியாமல் போனதே நல்லது என்று ஒரு மனசும், தெரிந்திருக்கலாமே என்று இன்னொரு மனசும் இன்றுவரை என்னை இழுத்துக்கொண்டிருக்கின்றன.