சொன்னவன் பெயர்

நான் எழுதிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை என் முகத்தில் வந்து விழுந்தது. எறிந்தவர் எங்கள் பொருளாதார ஆசிரியர். சிதறிய தாள்களைப் பெஞ்சுக்கடியில் புகுந்து பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், "மார்ஜின் எங்கே? ஆதாரம் எங்கே? இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது, உங்கள் ஊர் மாடா?" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதிக்க வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கோயமுத்தூரில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளகோவில் பக்கம் பெரிய தோட்டக்காரக் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் யாரும் கோபத்தை அடக்கிப் பழகியதில்லை.

கட்டுரை கிணற்றில் தண்ணீர் இறைக்கும் எங்கள் ஊர்க் கவலையைப் பற்றியது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். கிணற்றுக்குள்ளிருந்து தோல்பறி தண்ணீரோடு மேலே வரும். மாட்டைப் பின்னுக்கு நடத்தி மறுபடி இறக்க வேண்டும். விடிந்ததிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறும் வரை ஒருவனுக்கு இதே வேலை. அதில் ஒரு வரி எழுதியிருந்தேன். வடம் அறுந்து மாட்டுக்குக் காயம் பட்டால் ஓட்டுகிறவனைக் கட்டி வைத்து அடிக்கும் வழக்கம் உண்டு என்று. ஆசிரியர் அந்த வரிக்குக் கீழே தாள் கிழிகிற மாதிரி சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார்.

அவரிடம் எழுதுவதென்றால் அப்படித்தான். புல்ஸ்கேப் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். இடப்பக்கம் இரண்டு அங்குலம் விட வேண்டும். அளந்து பார்ப்பார், ஒரு நூல் குறைந்தாலும் குறுக்கே கிழித்துவிடுவார். புத்தகத்திலிருந்து எடுத்திருந்தால் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் கீழே கோடு போட்டு அடிக்குறிப்பாக வர வேண்டும். ஆள் சொல்லிக் கேட்டதென்றால் அந்த ஆளின் பெயர், அப்பன் பெயர், ஊர், தொழில், கேட்ட நாள் எல்லாம் வேண்டும். எங்கள் ஊரில் இந்த மாதிரி விஷயத்தை யாரும் பெயர் சொல்லிப் பேச மாட்டார்கள். "பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அது பயந்தவர்கள் பேச்சு, படித்தவன் பேச்சு இதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

எனக்குச் சொன்னவர் என் பெரியப்பா தோட்டத்தில் கவலை ஓட்டியவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைச் சாமி என்பார். அதற்கு முந்தின கோடையில் வடம் அறுந்து ஒரு மாடு கால் ஒடிந்தது. பெரியப்பா அவரைப் பனைமரத்தோடு கட்டி, அறுந்த அதே வடத்தால் அடித்தார். நான் துருவித் துருவிக் கேட்டதால் அவர் சொன்னார். பிறகு திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினார். வடத்தின் முறுக்கு தோலில் அப்படியே பதிந்திருந்தது.

கட்டுரையைத் திருத்தி எழுதினேன். அடிக்குறிப்பில் அவர் பெயர், அவர் அப்பன் பெயர், ஊர், நாள் எல்லாம் இங்கிலீஷில் பிசகில்லாமல் போட்டேன். அடித்தவரை மட்டும் 'ஒரு விவசாயி' என்று எழுதினேன். ஆசிரியரும் அது யார் என்று கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது சொன்னவன் பெயர்தான். முதல் தடவையாக என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கட்டுரை கல்லூரிப் பத்திரிகையில் அச்சாகி வந்தது.

அந்தப் பத்திரிகையை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேனே, அந்தப் புத்திகெட்டதனத்தை என்னவென்று சொல்ல? பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரை வரவழைத்து, வாசலில் நாற்காலி போட்டு, சத்தமாகப் படிக்கச் சொன்னார். பண்ணையத்து ஆட்கள் எல்லோரும் ஓரமாக நின்றார்கள், எனக்குச் சொன்னவரும் நின்றார். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. பெரியப்பா மட்டும் புரிந்தவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் பாவம், நேர்மையான மனிதர். அச்சில் இருந்த எதையும் விடவில்லை. கோட்டுக்குக் கீழே இருந்த பொடி எழுத்தையும் அதே குரலில் படித்தார். அந்த இங்கிலீஷ் முழுவதிலும் எல்லோருக்கும் விளங்கிய ஒன்று அந்தப் பெயர்.

"நிறுத்துங்க வாத்தியாரே. இவம் பேரு என்னத்துக்கு அதுல வருது?" என்றார் பெரியப்பா.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். வாத்தியார் அந்த வரியைத் தமிழில் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அதிக நேரம் ஆகவில்லை. பெரியப்பா நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். சுவரில் தொங்கிய மாட்டுச் சாட்டையை எடுத்தார். இரண்டு பேர் கவலை ஓட்டியவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நேற்று வரை அவரோடு உட்கார்ந்து கூழ் குடித்தவர்கள்தான். பழைய தழும்பின் மேலேயே அடி விழுந்தது. "எழுதச் சொல்றியாடா? எழுதச் சொல்றியா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டார். நான் நடுவில் ஓடி, "உடுங்க பெரீப்பா, நாந்தான் எழுதினேன்" என்றேன். புறங்கையால் ஒன்று விட்டார். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். புழுதியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியாத அடி இல்லை அது. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அவர் குடிசைக்குப் போனேன். குப்புறப் படுத்திருந்தார். அவர் மனைவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கிண்ணத்தைத் தரையில் ஓங்கி வைத்துவிட்டு வெளியே போனார். காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"என்ற பேர எழுதினீங்க, என்றப்பன் பேரையும் எழுதினீங்க. அடிச்சவீங்க பேரு மட்டும் ஏனுங் சாமி இல்லை?" என்று கேட்டார் அவர். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அதெல்லாம் எழுதக் கூடாதுங்களா?"

"எழுதலாம்" என்றேன்.

"அப்ப மறுக்கா எழுதறப்ப அதையும் எழுதிப்போடுங்க. என்ற பேர எடுத்துப்போட வேண்டாம். ரெண்டு பேரும் இருக்கோணும்."

எழுதுகிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அப்போது எழுதத்தான் நினைத்திருந்தேன், அதில் பொய் இல்லை.

மறுபடி எழுதுகிற சந்தர்ப்பமும் சீக்கிரமே வந்தது. சென்னையில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும், நல்ல பிரதி எழுதிக் கொடு என்றார் ஆசிரியர். விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வரி வந்தது. பெரியப்பா பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். கிழிந்து ஆறிய உதடு துடித்தது. தாளைக் கசக்கிப் போட்டேன். இன்னொரு தாளிலும் அதே முதல் எழுத்தோடு பேனா நின்றது. மூன்றாவது தாளில் அந்த வரியையே எழுதவில்லை. வரி இல்லையென்றால் அடிக்குறிப்பும் வேண்டாமே. பக்கம் சுத்தமாக இருந்தது. ஆசிரியர் மார்ஜினை அளந்து பார்த்து, இதுதான் கட்டுரை என்றார். அதைத் திருப்பி வாங்காமல் அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

கோடை விடுமுறைக்கு ஊர் போய் வண்டியை விட்டு இறங்கினேன். கவலை ஓட்டியவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சாய்ந்து நடந்தார்.

"எழுதிப்போட்டீங்களா சாமி?"

"போட்டாச்சு."

"பெரிய எசமாங்க பேரு?"

"அதுவுந்தான்."

"பட்டணத்துல படிப்பாங்களா?"

படிப்பார்கள் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

நாலாம் நாள் காலை அவர் ஓட்டிய கவலையில் பறி கிழிந்தது. பழைய தோல், யார் ஓட்டியிருந்தாலும் கிழிந்திருக்கும். பெரியப்பா சாட்டையோடு கிணற்றடிக்குப் போனார். சத்தம் கேட்டு நானும் ஓடினேன். மற்ற ஆட்கள் தள்ளி நின்றார்கள். வழக்கமாகச் சாட்டையைக் கண்டதும் அவர் குனிந்து கைகளால் தலையை மூடிக்கொள்வார். அன்று மூடவில்லை. நிமிர்ந்து நின்றார்.

"அடிங்க எசமாங்க. உங்க பேரும் பட்டணத்துல எழுதியிருக்குதுங்க. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் படிப்பாங்க."

ஓங்கிய கை நின்றது. பெரியப்பா கை அப்படி நின்று நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் முகத்தில் பயம் தெரிந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நெசமாடா? என்ற பேர எழுதினியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஓங்கிய கை அடிக்காமல் தாழ்ந்திருக்கும், இல்லையென்றால் என் மேல் விழுந்திருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் அவர் தப்பித்திருப்பார். நாலு நாளைக்கு முன் அவரிடம் கூசாமல் சொன்ன அதே பொய்தான். மாடுகள் சரிவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இல்லீங்க பெரீப்பா. எழுதவே இல்லீங்க" என்றேன்.

சாட்டை இறங்கியது. அவர் கையைத் தூக்கித் தலையை மூடவில்லை, பெரியப்பாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அடி விழ விழ, என்னையேதான் பார்த்துக்கொண்டு நின்றார்.