அலுமாரிக்குள் மூன்று கஞ்சாச் செடிகள்

சாதாரண தரப் பரீட்சையில் விவசாயப் பாடத்துக்கு எனக்குத் திறமைச் சித்தி, அதாவது நல்ல புள்ளியோடு பாஸ். இதை நான் வாயை மூடிக்கொண்டு வைத்திருந்திருக்கலாம். எதிர்க்கதவுக்காரரிடம் பெருமைக்குச் சொல்லப்போய்த்தான் வினை வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாலாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நாங்கள் ஐந்து ஆண்கள் இருந்தோம். எதிர்க்கதவில் ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். ஐம்பது தாண்டியவர், மெலிந்தவர், தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தவர். எங்கள் ஐவரின் அகதி விண்ணப்பங்களையும் அவர்தான் ஒரு சதம் வாங்காமல் அடித்துத் தந்தார். ஆகவே ஊரில் நாங்கள் எவ்வளவு துணிச்சல்காரர்களாக இருந்தோம் என்பதை எழுத்து மூலம் அறிந்த ஒரே கனடியர் அவர்.

அவருக்கு வயிற்றில் புற்றுநோய். மருந்து ஏற்றிவிட்டு வந்தால் தண்ணீர்கூட உள்ளே நிற்காது. கஞ்சா இரண்டு இழுவை இழுத்தால் மட்டும் ஏதாவது சாப்பிட முடிந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்த நண்பர் வன்கூவருக்குப் போய்விட்டதால், உடுப்பு அலுமாரிக்குள் குழல் விளக்குப் பூட்டி மூன்று செடிகளைத் தானே வளர்த்தார். போத்தலில் மிச்சமிருந்த கஞ்சா முடிகிற நேரத்தில் அவை பூக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் படுக்கச் சொல்லிவிட்டார்கள்.

கதவுத் திறப்பை என் கையில் தந்தார். நாலு நாளைக்கு ஒருமுறை அரைத் தம்ளர் தண்ணீர், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். நான் விவசாயம் படித்தவன் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும், “வேறு ஒன்றும்” என்பதை இரண்டாம் முறையும் சொன்னார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் எங்களில் மூத்த அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அண்ணை சாதாரண ஆள் இல்லை. எந்தக் கூட்டத்திலும் மைக்கைப் பிடித்தால் எங்கள் மண், எங்கள் மண் என்று சொல்லிக் கண்கலங்கி, முன்வரிசைப் பெண்களையும் கலங்க வைப்பார்.

“தம்பி, எனக்கு அடுத்த மாசம் அகதிக் கேஸ். உந்தக் கஞ்சாவோடை என்னைப் பிடிச்சால் நேரை பிளேன் ஏத்திக் கட்டுநாயக்காதான். நான் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கன்.”

மற்ற மூவரும் ஆமோதித்தார்கள். எனக்கும் கேஸ் இருந்தது, அதை யாரும் எண்ணவில்லை. திறப்பைக் கதவோரத்து ஆணியில் கொழுவிவிட்டு, நாள் பார்த்து நான் மட்டும் போய் அரைத் தம்ளர் ஊற்றினேன்.

எட்டாம் நாள் அலுமாரியைத் திறந்தால் மூன்று செடிகளும் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. அடியிலைகள் மஞ்சள். நுனிகள் கருகி நகம்போல உள்ளே வளைந்திருந்தன. சட்டிகள் சேறாக இருந்தன. மணத்தைக் கேட்கவே வேண்டாம். மீன் இறக்கும் நேரத்தில் கொழும்புத்துறைக் கரையில் நிற்பதுபோல இருந்தது.

அன்று நால்வரையும் இருத்தி விசாரித்தேன். அகதி விசாரணையில்கூட அவ்வளவு பொய் வந்திருக்காது. கடைசியில் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். கோப்பை கழுவுகிறவர், தொழிற்சாலைக்காரர், காஸ் ஸ்ரேசன்காரர் என்று எல்லோரும் வெவ்வேறு நேரத்தில் வேலைக்குப் போய் வருகிறவர்கள். வருகிற ஒவ்வொருவரும் ஆணியில் திறப்பைக் கண்டிருக்கிறார்கள், பாவம் வாயில்லாச் சீவன், மற்றவன்கள் கவனித்திருக்க மாட்டான்கள் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவர் தினமும் அரிசி கழுவின தண்ணீர். ஒருவர் விளைமீன் கழுவின தண்ணீர், செதிலோடு. ஒருவர் தேயிலைச் சக்கை. தலை வைத்தும் படுக்காத அண்ணை மூன்று தரம் போயிருந்தார், ஒவ்வொரு தரமும் அடியில் ஒரு சிட்டிகை விபூதி போட்டு.

“உதுகளைப் பாக்கப் பசியில கிடக்கிற மாதிரி இருந்தது” என்றார் அண்ணை. “அரைத் தம்ளர் என்ன கணக்கு? அந்த மனிசனுக்கு ஒரு சீவனை வளர்க்கத் தெரியேல்லை.”

அந்த மனுசன் சாப்பிட இருந்த ஒரே வழியை நாங்கள் அன்பு காட்டி அழுக வைத்திருந்தோம். சட்டி மாற்றுவது ஒன்றுதான் மிச்சம் என்று சொன்னேன். அதற்கு நல்ல மண் வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், நால்வரும் மண்வளத் திணைக்களமாக மாறிவிட்டார்கள். மண்வெட்டி பிடித்த கை ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. ஆனாலும் செம்மண்ணா மணலா என்று ஒரு மணித்தியாலம் சண்டை நடந்தது. ஒருவர் பள்ளத்தாக்குப் பூங்காவில் பனியை விலக்கி, உறைந்த களிமண்ணைக் கொத்தி அரிசிப் பையில் அள்ளிவந்தார். வீட்டுச் சூட்டில் இளக உள்ளே புழு நெளிந்தது, அதை உரம் என்றார். அண்ணை தன் பங்குக்குக் கடையில் இருந்ததற்குள் மலிவான பையைச் சுமந்துவந்தார். பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் வடிகிற, கல்லுப்போல் பாரமான மண். மண்ணை விலைக்கு விற்கிறார்களே என்று வழி முழுக்கத் துக்கப்பட்டிருக்கிறார். எங்கள் மண் என்று அழுகிற மனிதருக்கு மணலும் களியும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

நானே எங்கள் கட்டடத்தடிப் பூச்செடிக் கடைக்குப் போனேன். தண்ணீர் தங்காத, இலேசான, உரம் கலக்காத மண் வேண்டும் என்றேன். என்ன செடிக்கு என்று கேட்டார் விற்பனையாளர். தக்காளி என்றேன். உங்கள் கட்டடத்தில் பனி கொட்டுகிற மாசி மாதத்தில் எல்லோரும் தக்காளிதான் நடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, பஞ்சுபோல ஒரு பழுப்பு மண்ணும், பொரிபோல் வெள்ளைக் குறுணி ஒரு பையும் எடுத்துத் தந்தார். குறுணியைக் கலந்தால் வேர் மூச்சுவிடும், ஓட்டையுள்ள சின்னச் சட்டி போதும், நட்டபிறகு தயவுசெய்து சும்மா விடுங்கள் என்றார். எங்கள் சனத்தை அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை சட்டி மாற்றினேன். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துச் சட்டியைக் கவிழ்த்துத் தட்ட, மண் கட்டியாக வந்தது. வேர் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மண்ணிறமாகக் குழைந்து கிடந்தது. அழுகினதைக் கத்தரிக்கோலால் வெட்டி, மிச்சத்தைப் புது மண்ணில் வைத்து, ஒரு வாய் தண்ணீர் காட்டி, விளக்கையும் கொஞ்சம் உயர்த்தினேன். வெட்டினது பாதிக்கு மேல். திறப்பை ஆணியில் கொழுவாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அண்ணை ஒருநாள் கெஞ்சியும் பார்த்தார், கொடுக்கவில்லை.

எதிர்க்கதவுக்காரர் வந்து சேர்ந்த கிழமையே இரண்டு செடிகள் செத்தன. மூன்றாவது நாலு இலையோடு நின்றது. அது தேறிப் பூக்க மூன்று மாதம் செல்லும். போத்தலில் ஒரு கிழமைக்குத்தான் இருந்தது. செடிகளுக்கு ஏதோ நோய் என்று பொதுவாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அலுமாரிக் கதவைச் சாத்தினார்.

குற்றம் செய்தவர்களுக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றே ஒன்றுதான். அன்றிலிருந்து முறை வைத்துச் சமைத்துக் கொடுத்தோம். ஐஸ்கிறீம் பெட்டிகளில் சோறு, சொதி, இடியப்பம், ஆட்டிறைச்சி. மறுநாள் பெட்டி கழுவித் துடைத்து வாசலில் இருக்கும். மனுசன் வழித்துத் துடைத்துச் சாப்பிடுகிறார் என்று அண்ணைக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒருநாள் நான் குப்பை போடப் போனபோது, குப்பைக் குழாயடியில் அவர் எங்கள் சோற்றைக் கொட்டிக்கொண்டு நின்றார். களவில் பிடிபட்டவர் மாதிரி முழித்தார். மணம் நன்றாக இருக்கிறது, வாய்க்குள் வைத்தால் வெளியே வருகிறது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார், என்னிடம்.

அதற்குமேல் தாங்க முடியாமல் அரிசித் தண்ணீர், மீன் தண்ணீர், விபூதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தனக்குத் தெரியும் என்றார். அலுமாரியைத் திறந்த உடனேயே மீன் மணத்ததாம். இனிச் சாப்பாடு அனுப்ப வேண்டாம், சாப்பிட முடிகிற நாள் நானே வந்து கேட்பேன் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். அன்று அண்ணை அடுப்புப் பக்கம் போகவில்லை.

மாசி போய், பங்குனி போய், சித்திரையும் போனது. அவருடைய காற்சட்டைப் பட்டியில் புது ஓட்டைகள் கூடிக்கொண்டே வந்தன. நாங்கள் வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் இருந்து ரீவியில் ஹொக்கி பார்த்தோம். செடி தன்பாட்டில் வளர்ந்தது. அதை யாரும் தொடவில்லை.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது படுகிற நேரம், கதவில் தட்டல். அவர் நின்றார். கண் சிவந்து, மேலில் கஞ்சா மணத்தோடு. பசிக்கிறது என்றார். மூன்று மாதம் நாங்கள் காத்திருந்த சொல். அன்று பார்த்துப் பானையில் ஒரு பருக்கை இல்லை. நால்வர் சாப்பிட்டு முடித்திருந்தோம். அண்ணை மட்டும் கடைசிப் புட்டைக் கத்தரிக்காய்க் குழம்போடு குழைத்து முதல் வாயை உண்டிருந்தார். எங்கள் ஊரில் கைவைத்த சாப்பாட்டை வந்த ஆளுக்குக் கொடுப்பதில்லை, நாய்க்குத்தான் வைப்போம். புதிதாகச் சமைக்க அரை மணித்தியாலம் செல்லும். அரை மணித்தியாலத்தில் அந்தப் பசி நிற்குமா என்று யாருக்கும் தெரியாது.

அண்ணை எழும்பித் தன் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

“என்ரை எச்சில் ஐயா” என்றார் தமிழில்.

அவர் வாங்கி, நின்ற நிலையிலேயே, விரலால் வழித்து முழுவதையும் சாப்பிட்டார். நாங்கள் ஐந்து பேரும் அது உள்ளே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.