பாளை கட்டின மரம்

எங்க பெரியண்ணன் தாணுலிங்கத்தைப் பத்தி உடன்குடியில யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். "தம்பியைச் சாகக் குடுத்தவன்"னு சொல்லுவாவ. கேட்டா அந்த வாயைக் கிழிக்கணும்போல எனக்கு ஆத்திரம் வரும். ஆனா கிழிக்கதுக்கு எனக்கு யோக்கியதை கிடையாது. அது ஏன்னு சொல்லத்தான் இப்போ வாயைத் தொறக்கேன்.

எங்க ஐயா சாகும்போது அண்ணனுக்குப் பதினாலு வயசு. தங்கச்சி எனக்கு எட்டு. கடைக்குட்டி பால்துரைக்கு மூணு. அன்னைக்குக் கோடாலியைத் தூக்கினவன்தான் அண்ணன். பனைமரம் வெட்டுறது அவன் தொழில். சும்மா வெட்டுறதுன்னு நெனச்சிராதீங்க. கோடாலியோட பின்பக்கத்தால மரத்துல ரெண்டு தட்டு தட்டுவான், காதை வச்சுக் கேப்பான். "இது வெறும் சோத்தி, வைரம் பாயலை, விடு"ம்பான். பனைக்கு அடியிலதான் உறுதி. அதனால மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, அடியிலதான் கோடாலி போடுவான். வெட்டின தடியை வண்டியில ஏத்தி, ஆத்தூர் வழியாத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டு போவான். அங்கன இருந்து தோணியில கொழும்புக்குப் போகும். திரும்பி வரும்போது எனக்கு ஒரு கவுளி ஆத்தூர் வெத்தலை வரும். பால்துரைக்கு மிட்டாய் வரும். அவனுக்குன்னு ஒரு துண்டுகூட வாங்கிக்கிட மாட்டான்.

வேலை இல்லாத நாளெல்லாம் தேரிக்காட்டுலதான் கெடப்பான். அந்தச் செம்மண்ணுல ஒரு தடத்தைப் பார்த்தா என்ன மிருகம், எப்போ போச்சுன்னு சொல்லிருவான். ஒரு தடவை கண்ணியில விழுந்த முயலைத் தூக்கிப் பார்த்துட்டு, "இது வயித்துல குட்டியோட இருக்கு"ன்னு இறக்கி விட்டுட்டான். குழம்புக்கு மசாலா அரைச்சு வச்சுட்டு உக்காந்திருந்த எனக்கு எப்படி இருக்கும்! அன்னைக்கு வெறும் மசாலாவைத்தான் கொதிக்க வச்சு ஊத்துனேன், அதையும் வழிச்சுத் தின்னுட்டுப் போனான்.

கல்யாணம் முடிச்ச மூணாம் வருசம் மதினி காய்ச்சல்ல போயிட்டா. பெறகு அவன் கட்டலை. என்னை உள்ளூர்லயே கட்டிக் குடுத்திருந்ததால, அவனுக்குச் சோறு எங்க வீட்டுலதான். பால்துரை வளந்து பனை ஏறப் போனான். பகவதியைக் கட்டினான். எங்க வீட்டுக்குப் பத்து வீடு தள்ளி அவன் வீடு.

உலகச் சண்டைக் காலத்துலதான் சனியன் பிடிச்சுது. நாப்பத்திமூணுன்னு நெனைக்கேன். பால்துரை பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு, ஏறிட்டிருந்த முப்பது மரத்தையும், தோட்டத்துக்காரர் பட்டாளத்துக் கொட்டாய்க்குன்னு ஒரு கண்ட்ராக்டருக்கு வித்துட்டாரு. வெட்டுறதுக்கு வந்தது யாரு? எங்க அண்ணன்.

"வெட்டாத அண்ணே, என் வயித்துல அடிக்காத"ன்னான் தம்பி.

"நான் வெட்டலைன்னா நாளைக்கே வெளியூர்க்காரன் வந்து மொத்தத்தையும் சாய்ச்சிருவான். நான்னா நீ இப்போ ஏறுத மரத்தைக் கடைசிக்குத் தள்ளுவேன்லே"ன்னான் அண்ணன்.

அவன் சொன்னதுலயும் ஞாயம் இருக்கு. ஆனா தம்பிக்காரன் "கூலிக்குக் கூடப்பொறந்தவனை அறுக்கவன்"னு நடுத்தெருவுல வச்சுச் சொல்லிட்டான். பெரிய ஆளுக ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணக் குலசை முத்தாரம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாவ. போன இடத்துல ரெண்டு எருமையும் என்ன பண்ணிச்சு தெரியுமா? சூடத்தை ஏத்தி, கையால அடிச்சு அணைச்சு, "இனி உன்கூடப் பேசினா என் நாக்கு அழுகட்டும்"னு சத்தியம் பண்ணிட்டு வந்துச்சு.

அன்னைல இருந்து எனக்குப் பிடிச்சுது ஏழரை. "சீனித்தாயி, அவன்ட்ட மம்பட்டியைக் கேளு." "அக்கா, அவருட்ட வண்டிக்கயிறைக் கேளு." பத்து வீட்டுக்கு நடையா நடந்து என் கால்தான் தேஞ்சுது.

மரம் வெட்டுறவங்களுக்கு ஒரு கட்டு உண்டு. பதநீருக்காகப் பாளையை நாரால கட்டிட்டா, அந்த மரம் பால் குடுக்குத பசு மாதிரி. யாரு வித்தாலும் யாரு வாங்கினாலும், ஏறுதவன் பாளையை அவுத்துத் தந்தாத்தான் கோடாலி வைக்கணும். அண்ணன் ஒருநாளும் அதை மீறினது கிடையாது.

மாசி மாசம். ஒருநாள் பொழுது சாய அண்ணன் வந்தான். கை கழுவலை, உக்காரலை. மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு.

"ஏளா, மேக்கால கடைசி மரத்தைப் பாதிக்கு மேல வெட்டிட்டேன். பதநீர்க் கலயத்தைக் காணோமேன்னு வெட்டிட்டேன். பெறகு ஒரு நார் தலையில விழுந்துச்சு. அண்ணாந்து பாத்தா, புதுசாப் பாளை கட்டியிருக்கான். நிக்கட்டும்னு குழியை மூடி, மண்ணை மிதிச்சு வச்சிருக்கேன். ஏறிராதன்னு அவன்ட்ட சொல்லிரு."

மண்ணை மூடி வச்சதுதான் அவன் பண்ணின தப்பு. பாளை கட்டின மரத்தை வெட்டின காயத்தை நாலு பேரு பாக்கக்கூடாதுன்னு மூடியிருக்கான். வெட்கம்.

அன்னைக்கு நான் ரேஷன் அரிசிக்கு நின்னு, எம் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்க, இவங்களுக்குன்னு நாலு நடை நடந்து வந்து அப்பதான் உக்காந்தேன். ஆங்காரம் பொங்கிருச்சு.

"ஓங்க ரெண்டு பேரு வாயிலயும் கொழுக்கட்டையா இருக்கு? நான் என்ன தபால்காரியா? உசுரு போற காரியம்னா நீயே போய்ச் சொல்லு, போ!"ன்னுட்டேன்.

சோறு திங்காமப் போயிட்டான்.

உசுரு காரியமாச்சே, சத்தியத்தை ஒடைச்சுட்டு அவனே போவான்னு நான் நெனச்சேன். கத்துவாளே தவிர எப்படியும் போயிருவாள்னு அவன் நெனச்சிருக்கான். ரெண்டு பேருமே போகலை.

விடிஞ்சு, வெயில் ஏறுததுக்குள்ள தேரிப்பக்கம் சத்தம் கேட்டுச்சு. ஓடினேன். மரம் வெட்டின இடத்துல மடிஞ்சு கெடக்கு. அதுக்கு அடியில என் தம்பி. பக்கத்துல கலயம் ஒடையாமக் கெடந்துச்சு. நாலு ஆளு சேர்ந்து தடியைப் பொறட்டினாவ. பொறட்டி என்ன செய்ய? எல்லாம் முடிஞ்சு போச்சு.

அண்ணன் வந்தான். தம்பியைப் பாக்கலை. என்னைத்தான் பாத்தான்.

"ஏளா, சொன்னியா?"

ஊரே நிக்கு. ஆறு மாசச் சூலியா பகவதி என் மூஞ்சியையே பாக்கா.

"சொன்னேன்"னு சொல்லிட்டேன்.

பாவி நான். அந்த ஒரு சொல்லை விழுங்கியிருக்கலாம். பயத்துல வந்துட்டு. "வெட்டின மரம்னு தெரிஞ்சேதான் ஏறியிருக்கான், அண்ணன் மேல உள்ள வயித்தெரிச்சல்ல உசுரை விட்டுட்டான்"னு அன்னைக்கே ஊரு முடிவு கட்டிருச்சு. பகவதி அழுகையை நிறுத்திட்டா. "வயித்துல இருக்க பிள்ளையைக்கூட நெனைக்கலையே இந்த மனுசன்"னு ஒரு தடவை சொன்னா. பெறகு தாலி அறுக்கும்போதுகூட அவ கண்ணுல தண்ணி வரலை. பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. பேரு செல்லக்கனி. அதுக்கு அப்பன் பேரைச் சொல்லிக் குடுக்கலை. தெவசம் குடுக்கச் சொன்னா, "விட்டுட்டுப் போனவனுக்கு என்ன தெவசம்?"பா.

அண்ணன் கோடாலியைக் கொல்லன்கிட்டயே குடுத்துட்டான். தேரிக்குப் போவான், கண்ணி வைக்க மாட்டான். சும்மா நடந்துட்டு வருவான். உப்பளத்துக் கூலிக்குப் போய்ப் பகவதி வீட்டு நடையில அரிசியை வச்சுட்டு வருவான். அவ அதை எடுத்துக்கிடுவா, ஆனா மூஞ்சியைப் பாக்க மாட்டா. சாப்பிட உக்காந்தா என்கிட்ட ஒரே கேள்விதான்.

"நீ சொன்னப்போ அவன் என்ன சொன்னான்ளா?"

"ஒண்ணும் சொல்லலை அண்ணே."

"ஒண்ணுமேவா சொல்லலை?"

அஞ்சு வருசம் இதைக் கேட்டான். அஞ்சு வருசமும் அவன் இலையில சோத்தைப் போட்டுக்கிட்டே பொய் சொன்னேன்.

போன ஆவணியில இருமி இருமி ரத்தமா விழுந்துச்சு. வைத்தியர் கையை விரிச்சுட்டாரு. ஒரு மத்தியானம் கஞ்சி குடுக்கப் போனேன். குடிக்க மாட்டேன்னுட்டு, திரும்பவும் கேட்டான். "இப்பவாவது சொல்லுளா. என்னை ஏசினானா? ஏசியிருந்தாலும் சொல்லு."

என்னால முடியலை. "அண்ணே, நான் போகவே இல்லை. சொல்லவே இல்லை. அவனுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு காலைப் பிடிச்சேன்.

ஏசுவான், எத்துவான்னு நெனச்சேன்.

"தெரியாதா? என் மேல உள்ள கோவத்துல சாகலையா?"

"இல்லை அண்ணே."

"அஞ்சு வருசம் என்னை உசுரோட எரிச்சிட்டியே ஏளா"ன்னான். கண்ணுல தண்ணி வழியுது. அப்பறம் என் கையைத் தள்ளி விட்டான். "என்னை விடு. பகவதிட்ட போ. அவ புருசன் அவளை விட்டுட்டுப் போகலைன்னு சொல்லு. இப்பவே போய்ச் சொல்லிட்டு வா."

சரின்னு எந்திரிச்சேன். தெருவுல இறங்கினேன். பகவதி வாசல் வரைக்கும் போனேன். அவ முறத்துல அரிசி பொடைச்சுட்டிருந்தா. செல்லக்கனி பக்கத்துல வெளையாடிட்டிருந்துச்சு. "என்ன மதினி?"ன்னா. "ஒண்ணுமில்லை, சும்மா வந்தேன்"னு திரும்பிட்டேன்.

நான் வந்து நொழைஞ்சதும், "சொன்னியா?"ன்னு கேட்டான் அண்ணன்.

"சொன்னேன்"னேன். நிம்மதியாக் கண்ணை மூடினான். பொழுது சாயுததுக்குள்ள போயிட்டான்.

இந்த ஆவணியோட வருசம் ஒண்ணாச்சு. இன்னும் பகவதிட்ட நான் சொல்லலை.