ஒரே கட்டியாக இருக்க வேண்டும்

என் மனைவியின் உச்சந்தலையில் இருந்ததைக் கொழுப்புக் கட்டி என்றே நினைத்திருந்தோம். சுண்டைக்காய் அளவு, வலி கிடையாது. சீப்பு பட்டு ரத்தம் வந்த பிறகுதான் திருச்செங்கோட்டில் பஸ் ஏறி சேலத்துக்குப் போனோம். தலையை மழித்து, கட்டியை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது.

அது எங்கே பிறந்தது என்பதில் டாக்டருக்கே சந்தேகம்.

"தோலில் இருக்கிற வியர்வைச் சுரப்பியிலேயே பிறந்திருந்தால் ரொம்ப அபூர்வம்யா. வெட்டியெடுத்ததோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். மார்பகத்திலோ வேறெங்கோ பிறந்து தலைக்கு வந்திருந்தால் முற்றிய நோய். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்."

அபூர்வ நோயாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். எதுவும் தென்படவில்லை. நான் கைகூப்பினேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஸ்கேனில் சிக்காத அளவில் எங்காவது இருக்கலாம். ஒரே கட்டியாக இருப்பது நல்ல அறிகுறி. இன்னொன்று வந்தால் உடனே கூட்டிக்கொண்டு வாங்க."

நான் காயப்போட்ட வடகத்தைக்கூட எண்ணிப் பார்க்கிறவன். தையல் ஆறியதும் தினமும் காலையில், எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில், அவள் தலையை விரலால் துழாவினேன். காதுக்குப் பின்னால் எலும்பு மேடு தட்டுப்பட்டால் என் தலையிலும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். தழும்பு ஒன்று, வேறில்லை. பிறகுதான் காப்பி இறங்கும்.

"பேன் பாக்கறீங்களாக்கும்? கட்டிக்கிட்டு வந்த நாள்ல இல்லாத சீராட்டு," என்பாள்.

ஒரு நாள் பிடரிக்குச் சற்று மேலே விரல் நின்றது. மிளகு அளவு. அழுத்தினால் நகரவில்லை.

"ஏனுங்க, நின்னுட்டீங்க?"

"முடி சிக்கல்."

"அரை விரக்கடை முடியில சிக்கலுங்களா?"

அவள் என் எண்ணெய்க் கையைப் பிடித்து இழுத்து, முந்தானையை விலக்கித் தோள்பட்டைக்குக் கீழே வைத்தாள். அங்கே ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று.

"தலையில இப்பத்தான். இங்க வந்து பத்து நாளாச்சுங்க."

"ஏன் சொல்லலை?"

"அன்னாடம் என்னோட தலைய எண்ணிப்போட்டு நிம்மதியாக் காப்பி குடிச்சீங்க. அதக் கெடுக்க மனசு வல்லீங்க."

அன்றைக்கே கிளம்பினோம். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன்.

"எத்தனைன்னு டாக்டர் கேட்டா, நீயே சொல்லிடு," என்றேன்.