கே-நாற்பதின் இடது கை

செஞ்சி பஸ் நிலையத்தில் "வல்லம், தொண்டூர், ஏறு ஏறு" என்று தொண்டை கிழியக் கூவி மினி பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுகிற ஜெயராமன், ஒரு காலத்தில் செவ்வாய்க் கிரகத்தில் நடந்தவர். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களில் முதல் ஆள் அவர் மனைவி மீனம்பாள்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் 'சிவப்புக் கிரகத்தின் சாவி' என்ற விஞ்ஞானத் தொடரை எங்கள் கோட்டையில்தான் எடுத்தார்கள். நெற்களஞ்சியம்தான் விண்வெளி நிலையம். கிரகத்துப் புகைக்கு அரை கிலோ சாம்பிராணி. எண்ணெய் டின்களை வெட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, கைக்கு இரண்டு இடுக்கிகளை மாட்டினால் கே-நாற்பது என்ற இயந்திர மனிதன் தயார். அதற்குள் நடிக்கச் சென்னையிலிருந்து வந்தவர் சித்திரை வெயிலில் முதல் நாளே மயங்கி விழுந்தார். தண்ணீர்க் குடம் தூக்க வந்திருந்த ஜெயராமனுக்கு அந்த டின் அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்திவிட்டது. தொடர் டி.வி.யில் பதிமூன்று வாரம் ஓடியது. பெயர்ப் பட்டியலில் அவர் 'மற்றும் பலர்'.

கல்யாணமான புதிதில் இதை மீனம்பாளிடம் சொன்னார். "மூஞ்சியே தெரியாத வேஷமா? அப்டின்னா நானுந்தான் நடிச்சேன்" என்று அவள் முடித்துவிட்டாள். போன வருடம் யாரோ பழைய கேசட்டைக் கண்டெடுத்து இணையத்தில் ஏற்றியபோது செல்போனை அவளிடம் நீட்டினார். "டப்பாவப் பாக்க எனக்கு நேரமில்ல" என்று போய்விட்டாள். தாம் பொய் சொல்லவில்லை என்று அவள் ஒரு தடவை ஒத்துக்கொண்டால் போதும், அவருக்கு வேறு எந்த விருதும் வேண்டாம்.

அதற்குள் உலகம் முழுக்க ரசிகர்கள் முளைத்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் கே-நாற்பது உடம்பைக் குலுக்கியது 'இயந்திரத்தின் முதல் அழுகை' என்று ஒருவர் நாற்பது பக்கம் எழுதினார். அது முதுகில் ஏறிய கட்டெறும்பு. அதைவிடப் புகழ்பெற்றது சமாதானச் சைகை. கிரகத்தில் இறங்கியதும் கே-நாற்பது வலது இடுக்கியைத் தலைக்கு மேல் தூக்கும். இடது இடுக்கி மார்போடு நின்றுவிடும். பெங்களூரில் படித்த பிள்ளைகள் சட்டையில் அந்தப் படத்தைப் போட்டுக்கொண்டு, சந்திக்கும்போதெல்லாம் அப்படியே வணக்கம் வைக்கிறார்களாம். இடது பக்க பேட்டரியில் பாதிதான் சார்ஜ் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

நடந்தது இதுதான். "அந்தப் பக்கம் திரும்புப்பா" என்றார் இயக்குநர். திரும்பினால் டின் ஓட்டை வழியே ராஜகிரி மலை. மேலே கமலக்கண்ணி அம்மன் கோயில். எங்கள் ஊர்க்காரன் கை சும்மா இருக்குமா? கும்பிடத் தானாக மேலே போய்விட்டது. இடது கை மட்டும் போகவில்லை; பத்து வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து, முழங்கையில் மாவுக்கட்டு போட்டதிலிருந்து அது மார்பைத் தாண்டுவதில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் இன்னொரு முறை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் 'யாரும் அறியாத இருபத்தைந்து ரகசியங்கள்' என்று வீடியோ எடுக்கச் சென்னையிலிருந்து பிரசாந்த் கேமராவோடு வந்தான். ஜெயராமன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கோட்டைக்கு ஓடினார்.

"தம்பி, உள்ள இருந்தது நான்தான்."

பிரசாந்த் முகம் சுருங்கியது. "அங்கிள், உள்ள ஆள் இருந்தாங்கன்னு சொன்னா ரசிகர்கள் மனசு ஒடஞ்சிடும். அது ரிமோட்ல ஓடுச்சுன்னு ஏற்கெனவே ஒன்பதாவது ரகசியமா சொல்லிட்டேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. அது தானா நடந்துச்சு, நான் பார்த்தேன்னு சொல்லுங்க."

ஜெயராமனுக்குச் சுர்ரென்று ஏறியது. கேமராவைப் பார்த்தே சொன்னார்: "நான் அதப் பாத்ததே இல்ல. உள்ள இருந்தவன் எப்டி தம்பி பாப்பான்?"

கோபத்தோடு திரும்பினார். எதிரே மலை. கைகள் வழக்கம்போல் எழுந்தன. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வீடியோ வந்தது. முதல் வாக்கியம் இருந்தது, இரண்டாவதை வெட்டிவிட்டான். "நான் அதப் பாத்ததே இல்ல" என்று ஜெயராமன் முறைக்கிறார். கீழே 'உள்ளூர்க்காரர்களுக்கே தெரியாமல் நடந்த படப்பிடிப்பு' என்று கொட்டை எழுத்து. பிறகு திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கே-நாற்பதின் சைகை, மறுபக்கம் இவர் கும்பிடுவது. அதற்கு ஒரு ரசிகர் எழுதியிருந்தார்: 'அங்கிளும் நம்ம ஆள்தான். சைகைக்குத்தான் இன்னும் கொஞ்சம் பயிற்சி வேணும்.'

செல்போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு முகம் கழுவப் போனார் ஜெயராமன். இப்போது ஊரே அவரைப் பொய்யர் என்று சொல்லலாம், அதற்கு அவர் வாயாலேயே சாட்சி.

உள்ளே செல்போன் கத்திக்கொண்டே இருந்தது. "இது இன்னா ரோதன" என்று நிறுத்தப் போன மீனம்பாள் நிறுத்தவில்லை. சைகை வரும் இடத்தைத் திரும்ப ஓட்டுகிற சத்தம் இரண்டு மூன்று தடவை கேட்டது.

"யோவ், இங்க வா."

ஈர முகத்தோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"தெனம் காலைல அம்மன் படத்துக்கு முன்னால இந்த நொண்டிக் கையத்தான் பாத்துனு இருக்கிறேன்" என்றாள், செல்போன் திரையில் டப்பாவின் இடது இடுக்கியைத் தொட்டுக் காட்டி. "எனுக்குத் தெரியாதா? உள்ள நீதான்யா."