இடுப்பு உயரத்தில் நின்ற ஷட்டர்

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் வழக்கம்போல் திருச்சியில் வேலை முடிந்து கீரனூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது, கார் ஷெட்டுக்கு முன்னால் அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். ஷட்டரும் அவர் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றிருந்தது. கீழே அழுத்தினால் இறங்கியது. மேலே தூக்கினால் அதே உயரத்தில் வந்து நின்றது. எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் தோளைக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டையெல்லாம் செம்மண்ணும் எண்ணெய்ப் பிசுக்குமாகத் திரும்பிப் போயிருந்தார்கள். கார் உள்ளே இருந்தது.

அது எப்போதுமே கனமான ஷட்டர்தான். அண்ணன் ஊரில் இருந்தவரை பாதி தூக்கியதும் தோளைக் கொடுத்து ஓர் எக்கு எக்குவான். 'டக்' என்று சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு ஏறிவிடும். ஷட்டர் என்றால் ஒரு ஆம்பளைத் தோள் வேண்டும் என்று அம்மா, அண்ணி, நான் மூன்று பேருமே நம்பியிருந்தோம். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்த நானும் நம்பியிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வேறு சமயமாக இருந்தால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்போம். ஆனால் திங்கட்கிழமை அண்ணி ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர வேண்டும். எட்டரை மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பஸ்ஸில் மாறிப் போனால் ஒன்பது தாண்டிவிடும். கார் இருக்கிற தைரியத்தில்தான் அவர் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. குவைத்தில் இருக்கிற அண்ணனோ, தான் வரும்வரை கார் ஷெட்டிலேயே இருந்தால் அதற்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது என்கிற கட்சி.

போனில் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மொத வாரம் பஸ்ல போயிப் பாக்கட்டும். நான் லீவுல வந்து ஷட்டரப் பாத்துக்கிறேன்."

"பஸ்ஸு அங்க போறதுக்கே ஒம்போதேகால் ஆயிருங்க," என்றார் அண்ணி.

"அப்ப ஒரு மாசம் தள்ளிச் சேர்றேன்னு கேளு."

"எனக்கு அடுத்து ஒரு ஆள் லிஸ்ட்ல இருக்காங்க. திங்கக்கிழமை நான் போகலேன்னா அவங்களக் கூப்புட்டுருவாங்க."

அண்ணன் அடுத்த யோசனை சொல்வதற்குள் நான் புகுந்தேன். "திங்கக்கிழமை கார் வெளிய வரும்."

"யாரு வெளிய எடுப்பா? நீயா?"

"அண்ணி எடுப்பாங்க. ஷட்டர நான் எடுக்குறேன்."

"கிழிச்ச. ஒனக்கு மிக்ஸி மூடியே தொறக்க வராது."

சொல்லிவிட்டேனே தவிர, கையில் ஒரு ஸ்பேனர்கூடக் கிடையாது. உடனே, எட்டு வருஷத்துக்கு முன் இந்த ஷட்டரை மாட்டிய புதுக்கோட்டை மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"செவ்வாக்கெழம வாரேன்மா. வல்லத்திராக்கோட்டைல ஒரு கடைக்குப் பூரா ஷட்டர் போட்டுக்கிட்டு இருக்கோம்."

"நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வாங்கண்ணே. சாப்பாடு எங்க வீட்டுல."

"அங்கிட்டு இருந்து இங்கிட்டு வந்து சாப்புட்டுப் போறதுக்குள்ள பொழுது போயிரும்மா." கொஞ்சம் யோசித்தார். "என்ன சாப்பாடு?"

"கறிக்கொழம்பு."

"சனிக்கெழம கவிச்சி சேக்க மாட்டேனே."

"வெண்டைக்கா புளிக்கொழம்பு, அப்பளம்."

"சரி, வாரேன்."

சனிக்கிழமை காலையில் அவர் வருவதற்குள் நான் நோயைக் கண்டுபிடித்து முடித்திருந்தேன். ஷட்டரை நாம் தூக்குவதே இல்லை. மேலே குறுக்காக ஓடும் குழாயில் மூன்று வட்டப் பெட்டிகள் கோத்திருக்கும். அவற்றுக்குள் முறுக்கி வைத்த ஸ்பிரிங்தான் தூக்குகிறது. நாம் கையைக் கொடுத்துத் தொடங்கிவைக்கிறோம், அவ்வளவுதான். எட்டு வருஷ ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், முறுக்கு ஏற்றினால் வேலை முடிந்தது. அண்ணியிடம் பேப்பரில் படம் போட்டே காட்டினேன். அவர் தலையாட்டினார். கணக்கு டீச்சர்கள் தலையாட்டுவதை நம்பக் கூடாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மெக்கானிக் ஏணி போட்டு ஏறி, மேல் தகரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்கு."

"பாக்க நல்லா இருக்கும்ண்ணே. தளர்ந்திருக்கும்."

"சரி, ஒரு சுத்து ஏத்துறேன்." பைப் ரெஞ்சைப் போட்டுக் குழாயைத் திருப்பி, கிளாம்பை இறுக்கினார். தூக்கிப் பார்த்தோம். அதே இடுப்பு உயரம்.

"இன்னொரு சுத்து," என்றேன்.

"வேணாம்மா. அப்பறம் கீழ நிக்காது."

"ஏத்துங்கண்ணே, பாத்துருவோம்."

ஏற்றினார். பூட்டை எடுத்ததும் யாரும் தொடாமலே ஷட்டர் தரையிலிருந்து கிளம்பியது. டமார் என்று இடுப்பு உயரத்தில் மோதி, அங்கேயே நின்று நடுங்கியது. குழம்புச் சட்டியோடு வாசலுக்கு வந்த அம்மா, "ஆத்தாடி!" என்று சட்டியோடு திரும்பி உள்ளே ஓடினார்.

"நான் சொன்னதக் கேட்டீங்களா?" என்றார் மெக்கானிக், ஏணியிலிருந்து இறங்காமலே. இலையில் உட்கார்ந்த பிறகு, "மொத்தமா எறக்கிட்டுப் புதுசு போட்டுரலாம்மா, பத்து நாள்ல முடிச்சுரலாம்" என்றார். பத்து நாள் என்றதும் அண்ணி அப்பளம் வைக்காமல் அப்படியே நின்றார். மெக்கானிக் சாப்பிட்டு முடித்துவிட்டு, "நாளைக்குச் சாயந்திரம் வந்து அந்த முறுக்க எறக்கிவிடுறேன், அதுவரைக்கும் பூட்டத் தொறக்காதீங்க" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

நான் தோற்றுப்போன முகத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கு நேரமில்லை. வேறு என்ன காரணம் என்று போனில் வீடியோவாகத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரு சாக்பீஸோடு வந்து ஷட்டர் பக்கத்தில் குந்தினார்.

"பாப்பா, எனக்கு ஒரு சந்தேகம். ஸ்பிரிங் தளந்திருந்தா எல்லா எடத்துலயும் கனக்கணும்ல? இது கீழருந்து நல்லாத்தான் வருது. ஒரே எடத்துலதான் நிக்குது."

மெக்கானிக் சொன்னதையும் மீறிப் பூட்டைத் திறந்தோம்; ஷட்டர் மறுபடியும் அங்கேயே மோதி நின்றது. அதன் கடைசிப் பட்டை முட்டி நின்ற இடத்தில், பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போட்டார். நான் பலத்தைக் கொடுத்துக் கீழே அழுத்தி மெதுவாக விட்டேன். மறுபடி வந்து நின்றது. அதே கோடு. இன்னொரு தரம். அதே கோடு, ஒரு விரல்கூட மாறவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷட்டரின் மற்ற பட்டைகள் மெல்லியவை. கைப்பிடி வைத்த அடிப்பட்டை மட்டும் தடிமன். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி நிற்கிற இரும்புத் தடத்துக்குள்தான் எல்லாம் ஓட வேண்டும். கைடு என்பார்கள். மெல்லிய பட்டைகள் நுழைந்து போகிற இடத்தில் தடிமனான பட்டை நுழைய முடியவில்லை என்றால், அந்த இடத்தில் கைடு குறுகியிருக்கிறது. ஸ்பிரிங்கைக் குற்றம் சொன்னது நான்தான், ஸ்பிரிங் பாவம்.

"இதத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றேன்.

"நீ சொல்லவே இல்ல பாப்பா," என்றார் அண்ணி.

பழைய ஹாக்ஸா பிளேடும் மண்ணெண்ணெய்த் துணியுமாக உட்கார்ந்து, கோடு இருந்த பக்கத்து இடது கைடை விரலால் தடவிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, அல்வா பதத்தில் ஏதோ அப்பியிருந்தது.

"அதுல எதுவும் இருக்காது. நான் எண்ண விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"என்ன எண்ண?"

"வெளக்குல மிச்சம் நிக்கிறதுதான். வெள்ளிக்கு வெள்ளி ஊத்துவேன். இரும்பு சத்தம் போடக் கூடாதுல்ல?"

எட்டு வருஷத்து வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய், எங்கள் தெருச் செம்மண் புழுதி, அதற்கு மேல் பொங்கலுக்குப் பொங்கல் ஷட்டரைக் கழற்றாமல் கைடோடு சேர்த்து அடித்த பெயின்ட். சுரண்டச் சுரண்ட பச்சை, அதற்கடியில் காவி, அதற்கடியில் நீலம் என்று வந்தது. அண்ணி போட்ட கோட்டுக்கு நேராக மட்டும் நீலத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. சாம்பல் நிறத்தில், கல் மாதிரி இறுகி. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைப்போமே, அந்த மக்கு. அதைப் பெயர்த்ததும் பிளேடு உள்ளே இறங்கியது. கைடு அந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்கு நசுங்கி, உள்பக்கமாக வாய் மூடிக் கிடந்தது. எதுவோ இடித்திருக்கிறது. யாரோ மக்கு வைத்து, மேலே பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள்.

அண்ணி எழுந்து, ஷட்டருக்கடியில் குனிந்து ஷெட்டுக்குள் போனார். காரின் பின்பக்க இடது மூலைக்குப் பக்கத்தில் நின்று கையால் உயரம் பார்த்தார். கோட்டின் உயரம் சரியாக இருந்தது. அந்த மூலையில் இருந்த சிவப்பு விளக்கு மட்டும் மற்றதைவிடப் புதிதாக மினுங்கியது.

"புதுக்கோட்டை மார்க்கெட்டுல எவனோ இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான்னு உங்கண்ணன் சொன்னாரே," என்றார்.

நான் வீடியோ கால் போட்டேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேமராவைக் கைடுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"என்னடி அது, இருட்டா இருக்கு?"

"நல்லாப் பாரு. நீ வச்ச மக்குதான்."

மெல்லுவது நின்றது. 

"அது… லேசாத்தான் பட்டுச்சு."

"மக்கு ஏதுடா ஒனக்கு?" என்றேன்.

பின்னாலிருந்து அம்மா, "குழாய்க்கு வாங்குனதுல மிச்சம் இருந்துச்சு. கேட்டான், குடுத்தேன்," என்றார். நாங்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். "எதுக்குன்னு நான் கேக்கல," என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்குள் பெரிய வசனம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஷட்டரைத் தோள் கொடுத்து எக்கியதெல்லாம் இதற்குத்தானா என்பதில் தொடங்கி, ஒரு பத்து நிமிஷத்துக்கு வரும். அண்ணி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"என்னங்க, ரிவர்ஸ்ல வரும்போதா?"

"ம்."

"எந்தப் பக்கம் ஒடிச்சீங்க? எதப் பாத்துக்கிட்டு வந்தீங்க?"

அண்ணன் தட்டை நகர்த்தி வைப்பது தெரிந்தது. குரல் மாறிவிட்டது. "எதுத்தாப்புல கரண்ட் கம்பம் இருக்குல்ல, அது மேல பட்டுருமோன்னு அதையே பாத்துக்கிட்டு வந்தேன். வாசல்ல வேற சரிவு. வண்டி தானா வேகம் எடுக்கும். இடது மூலை கண்ணாடில தெரியாது. பம்பர் வாசலத் தாண்டுற வரைக்கும் ஒடிக்கவே கூடாது, நேரா எறங்கணும். நான் முன்னாடியே ஒடிச்சுட்டேன்."

"கம்பத்துக்கும் வண்டிக்கும் எவ்வளவு எடம் இருக்கும்?"

"நெறைய இருக்கு. அது சும்மா பயம்தான்."

அண்ணி கேட்டுக்கொண்டே சாக்பீஸால் வாசல் சரிவில் நேராக இரண்டு கோடு இழுத்தார், சக்கரம் போக வேண்டிய வழி. எனக்கு வசனம் மறந்துபோனது.

மெக்கானிக்குக்கு நான் போட்டோ அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர் புது கைடுத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு வெல்டிங் மெஷினோடு வந்தார். நசுங்கிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டை வைத்துப் பற்றவைத்தார். அடிப்பட்டையின் நுனியும் மோதி மோதி வளைந்திருந்தது. அதைத் தட்டி நேராக்கி, அரம் போட்டார். தேய்ந்துபோன பூட்டு நாக்கையும் மாற்றிவிட்டார்.

"யாரு இடிச்சது?" என்று கேட்டார்.

"அது பழைய கத," என்றார் அம்மா, வேகமாக.

கடைசியாக ஏணியில் ஏறி முறுக்கை இறக்கினார். ஒரு சுத்து இறக்கிவிட்டுத் தூக்கிப் பார்த்தார். இறக்கிப் பார்த்தார். பாதியில் கையை விட்டார், விட்ட இடத்தில் நின்றது.

"இன்னொரு சுத்து எறக்கலையா?" என்றேன்.

"வேணாம். ஒரு சுத்து தளர்வு இருந்துச்சு. அது நீங்க சொன்னதுதான்."

இதை அண்ணனிடம் மறக்காமல் சொன்னேன். இரண்டு தரம்.

இறங்கி வந்தவர் அம்மாவைப் பார்த்து, "வெளக்கெண்ணெ, நல்லெண்ணெ, எதுவும் ஊத்தாதீங்கம்மா. மாசம் ஒருக்கா காஞ்ச துணியால தொடைச்சு விடுங்க போதும்," என்றார். அம்மா சரி என்றார். சரி என்ற முகமாக அது இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு அண்ணி டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்து கைப்பிடியைப் பிடித்தார். புடவை கசங்காத மாதிரி, ஒரு கையால்தான். ஷட்டர் சுவரிலிருந்த கோட்டைத் தாண்டிச் சத்தமில்லாமல் மேலே போய்ச் சுருண்டது. நாங்கள் மூன்று பேரும் அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

நான் தெருவில் நின்று ஒரு பால் வண்டியை நிறுத்திவைத்து, அண்ணிக்கு வா வா என்று கையை ஆட்டினேன். கார் பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. பாதியில் நின்றது. அண்ணி இறங்கி வந்து, இடது மூலைக்கும் கைடுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். மறுபடி ஏறி உட்கார்ந்தார். சாக்பீஸ் கோட்டின் மேலேயே சக்கரம் இறங்கியது. பம்பர் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஸ்டியரிங் திரும்பியது. கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கார் போகிற அளவு இடம் இருந்தது. பால்காரர் மணி அடித்தார். அண்ணி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அம்மா ஷட்டரை இறக்கினார். பிறகு ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

"அம்மா, போதும்."

"இரு, இன்னொரு தடவ பாக்குறேன்."

நான் திருச்சி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. எட்டு பத்து.

"கையெழுத்துப் போட்டாச்சு பாப்பா."

"அண்ணனுக்குச் சொன்னீங்களா?"

"இனிமேத்தான். அப்பறம் ஒண்ணு, சாயந்திரம் நான் உள்ள விடும்போது நீ தெருவுல வந்து நின்னு கைய ஆட்டாத. பதட்டமா இருக்கு. நானே பாத்து விட்டுக்கிறேன்."